கெழக்கால யாரு?

கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பி, அதில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, முன்னால் இருக்கும் அத்தனை தாள்களையும் இடது கையால் ஒதுக்கித் தள்ளுகிறார் தபீதாள். பத்திரம் யாருடையது, எந்த வருஷத்தது, எத்தனை லட்சத்துக்கு வாங்கியது என்பதெல்லாம் அவருக்கு இப்போதைக்கு வேண்டாம். கடைசிப் பக்கத்தில் ‘சொத்து விவரம்’ என்ற தலைப்பின் கீழ் நான்கு எல்லைகள் எழுதியிருக்கும். அதன்மேல் விரலை ஓட்டி, உதடு அசைய ஒரு தடவை படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எதிரில் இருப்பவரைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்பார்.

“உங்க மனைக்குக் கெழக்கால யாரு?”

வந்தவர் முழிப்பார். நானும் முழித்திருக்கிறேன். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு வாங்குகிறவனுக்குக் குளியலறை டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று தெரிகிறது, கிழக்கே யார் என்று தெரிவதில்லை.

“முன்னாடி கீற பக்கமெல்லாம் சும்மா சார். இன்னார் மகன் இன்னார், மனப்பூர்வமா சம்மதிச்சு எழுதிக் குடுத்தது, அது இதுன்னு ரொப்பி வச்சிருப்பாங்க. மண்ணு எங்க கீதுன்னு கடைசிலதான சொல்றான்? நான் அங்க போயி மண்ணப் பாத்துட்டு அப்புறமா ஆளப் பாப்பேன்” என்பார்.

அவருடைய ஆபீஸ் என்பது ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்க மூலை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள பத்திரப்பதிவு அலுவலகங்களில் ஒன்றுக்கு நேர் எதிரே இருக்கிறது கடை. எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே கூட்டம் கூடிவிடும், அப்புறம் என்னைத்தான் திட்டுவார். மேசைமேல் ஒரு இரும்பு ஸ்கேல், ஒரு சாக்பீஸ் டப்பா, கொடியில் துணிக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப் ஒரு கூடை. பத்திரத்தைக் குத்துகிற ஸ்டேப்ளரும் ஒட்டிக்கொள்கிற ரப்பர் பேண்டும் அவருக்கு ஆகாது. துணி கிளிப்தான். சிவப்பு கிளிப் போட்டிருந்தால் அந்தச் சொத்தில் இன்னும் பதில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பச்சை போட்டால் தைரியமாக வாங்கலாம். சிவப்பு கிளிப் போட்ட கட்டைப் பார்த்துவிட்டுக் கல்யாண வயதுப் பெண்ணைப் பெற்றவர்கள் போல நகம் கடித்துக்கொண்டு வெளியே நிற்கும் ஆண்களை அந்தக் கடை வாசலில் தினமும் பார்க்கலாம்.

தபீதாள் வக்கீல் அல்ல. பம்மலில் பிறந்து, பத்தாவதும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்து, தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் இருபத்தாறு வருஷம் தட்டச்சு செய்தவர். சொத்து வாங்குகிறவர்களுக்கு அந்த வக்கீல் எழுதிக் கொடுக்கும் கருத்துரைகளை எல்லாம் அடித்தது இவர்தான். அடித்து அடித்து, வக்கீல் பார்க்காமல் விட்டதைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த வக்கீல் காலமான பிறகு மற்ற வக்கீல்கள் கட்டுக் கட்டாக இவரிடம் அனுப்புகிறார்கள். இவர் தேடிப் பார்த்து, எழுதிக் கொடுப்பார். அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். “படிச்சவங்க கையெழுத்து போடட்டும். பாக்குறது நான் பாத்துக்கறேன்” என்பதுதான் அவர் ஒப்பந்தம்.

வயது ஐம்பத்தெட்டு. என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். அவரை அக்கா என்று கூப்பிடாத ஆளை நான் பார்த்ததில்லை. பதிவாளரே எட்டிப் பார்த்து “அக்கா, இந்தச் சர்வே நம்பர் எந்த கிராமம்?” என்று கேட்டதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

இடது, வலது என்ற சொற்கள் அவர் அகராதியில் கிடையாது. ஷேர் ஆட்டோவில் ஏறினால், “தம்பி, கொஞ்சம் தெக்கால நவுரு.” சர்ச்சில் கைப்பையை மறந்து வைத்துவிட்டு வந்தால், “வடக்கால வரிசை, மூணாவது பெஞ்சு, மேக்கு ஓரம்.” கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். சாம்பார் வாளியோடு வந்தவரைப் பார்த்து, “சோத்துக்குக் கெழக்கால ஊத்துப்பா, மேக்கால ரசத்துக்கு வச்சிருக்கேன்” என்றார். அந்த மனிதர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

போன வருஷம் ஆகஸ்டில் நான் அவரிடம் போய் நின்ற கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

எங்கள் வீடு பொழிச்சலூரில் இருக்கிறது. தெருவின் ஒரு பக்கம் முழுக்க ஏதோ கிடங்கின் காம்பவுண்டுச் சுவர். எதிர்ப்பக்கம் வரிசையாக ஒன்பது வீடு. தெருவே அவ்வளவுதான். கிழக்கு முனையில் மெயின் ரோடு. அங்கிருந்து எண்ணி வந்தால் மூன்றாவது வீடு எங்களுடையது. பத்திரத்திலும் மனை எண் 3. இரண்டாயிரத்து மூன்றில் மனையை வாங்கி, அடுத்த வருஷம் வீடு கட்டிக் குடிவந்தோம். இப்போது மகள் டெபோராவுக்குக் காட்டாங்குளத்தூரில் கல்லூரி வேலை. மருமகன், குழந்தை எல்லோரோடும் இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாள். என் மனைவி கெசியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடி எடுக்க வேண்டும், அதற்கு வங்கிக் கடன் கேட்டோம்.

வங்கி அனுப்பிய சர்வேயர் மனைப்பிரிவு வரைபடத்தை விரித்து வைத்து, டேப் பிடித்து அளந்தார். முகத்தைச் சுளித்தார். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ‘விண்ணப்பதாரர் குடியிருக்கும் கட்டடம் மனை எண் 3-இல் அமைந்திருக்கவில்லை. மனை எண் 7-இல் அமைந்துள்ளது. ஆகவே கடன் வழங்க இயலாது.’

கெசியா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்போ இது யாரு வீடுங்க?” என்றாள்.

ஏழாம் நம்பர் மனைக்காரர் யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மேற்கே கடைசியிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கும் கதிரேசன். கிரில் கேட் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீருக்குத் தவித்ததே, அப்போது தண்ணி லாரி வந்து நின்ற இடத்தில் அவருக்கும் எனக்கும் சண்டை. குடத்தை முந்தி வைத்தது யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. நான் இல்லை. வாய் முற்றி, நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வகுப்பில் ஒரு பையன் அதைச் சொல்லியிருந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பேன். அன்றிலிருந்து ஆறு வருஷமாக இருவரும் ஒரே தெருவில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தோம். அந்தக் கதிரேசனுடைய மனையில் நான் வீடு கட்டி, டைல்ஸ் பதித்து, வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வேறு தொங்கவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்! ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தபீதாளிடம் போனபோது என் பத்திரத்தையும், இருபத்திரண்டு வருஷத்துக்குப் போட்ட வில்லங்கச் சான்றையும் பெருமையோடுதான் நீட்டினேன். பத்திரத்தைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது.

“இன்னா சார் இது? லேமினேட் போட்டு வச்சிகீறீங்க?”

“பத்திரமா இருக்கட்டும்னுதான் அக்கா…”

“எப்படி சார் இத்தத் திருப்புறது? முத்திரையைத் தடவிப் பாக்கணும், பின்னால சீல் பாக்கணும். ஊறுகா ஜாடிக்கு மூடி போட்டா மாதிரி போட்டுட்டீங்களே! வாத்தியாருதான நீங்க?”

வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு வில்லங்கச் சான்றை எடுத்துக் காட்டி, “ஈசி சுத்தமா இருக்கே அக்கா. ஒரு அடமானம் இல்ல, ஒரு வழக்கு இல்ல” என்றேன்.

“சுத்தமாத்தான் கீது. நீங்க கேட்ட நம்பருக்கு சுத்தமா கீது. நீங்க எந்த நம்பர்ல குந்தினு கீறீங்கன்னு ஈசிக்கு எப்படி சார் தெரியும்? அது இன்னா பொழிச்சலூருக்கு வந்து உங்க காலிங் பெல் அடிச்சுப் பாத்துச்சா?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வில்லங்கச் சான்று என்பது நாம் கேட்கும் நம்பருக்கு, நாம் கேட்கும் வருஷங்களில், அந்த அலுவலகத்தில் என்னென்ன பதிவாயிற்று என்ற பட்டியல். அவ்வளவுதான். பதிவாகாததை அது சொல்லாது. தப்பான நம்பரைக் கேட்டால், தப்பான நம்பருக்குச் சரியான பதிலைத் தரும். நாம் அதைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாக வைத்துக் கும்பிடுகிறோம்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

“உங்க மனைக்குக் கெழக்கால யாரு?”

“சவுரிமுத்து. ரயில்வேயில இருந்து ரிட்டையர் ஆனவர்.”

“அவரு மனை நம்பரு?”

“ரெண்டு.”

“உங்க பத்திரத்துல கெழக்கால நாலாம் நம்பர் மனைன்னு கீதே. ரெண்டாம் நம்பரு மேக்காலன்னு கீதே.”

பார்த்தேன். இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே அச்சடித்தாற்போல் இருந்திருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டினோமே தவிர, ஒரு நாளும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்று பார்க்கவில்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கூடையைத் துழாவி ஒரு கிளிப்பை எடுத்தார். “சிவப்பு கிளிப் போடறேன் சார். பத்து நாள் குடுங்க. அந்த வரிசைல கீற ஒன்பது பத்திரத்துக்கும் நகல் எடுக்கறேன்.”

“ஒன்பதும் எதுக்கு அக்கா? எனக்கு மூணும் ஏழும் பார்த்தா போதுமே.”

“உங்களப் பத்தி உங்க பத்திரம் சொல்றத நான் நம்ப மாட்டேன். பக்கத்து வூட்டுப் பத்திரம் இன்னா சொல்லுதுன்னு பாப்பேன். அதுக்கு உங்க மேல ஆசையும் கெடையாது, கோவமும் கெடையாது. போறபோக்குல உங்க பேர சொல்லிட்டுப் போயிருக்கும் பாருங்க, அதான் நெசம்.”

இது அவருடைய வேலையின் சூட்சுமம். மற்றவர்கள் ஒரு சொத்தின் பத்திரங்களைக் கீழேயிருந்து மேலே, மூலப்பத்திரம் வரைக்கும் ஏறிப் பார்ப்பார்கள். இவரும் அப்படி ஏறுவார். ஆனால் அதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் போவார். கோவிலம்பாக்கத்தில் ஒரு மனையைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க, அதைத் தொட்டுக்கொண்டிருந்த பத்து மனைகளின் பத்திரங்களைப் படித்தாராம். பத்தாவது பத்திரத்தில் ‘வடக்கே பொதுப்பாதை’ என்று ஒரே ஒரு வரி. அந்தப் பாதையை வளைத்துப் போட்டுத்தான் மனை விற்க வந்திருக்கிறார்கள். வாங்க இருந்தவர் தப்பித்தார்.

பத்து நாள் என்றவர் எட்டாம் நாளே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடித்த கையோடு, வெள்ளைப் புடவையில் வேதாகமப் பையுடன் எங்கள் தெருவில் வந்து இறங்கினார். தெருவின் நடுவில் இருக்கும் ஐந்தாவது வீட்டுத் தையல்நாயகியிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டார். அதில் உட்காரவில்லை, பையை வைத்தார். சாக்பீஸை எடுத்துத் தார் ரோட்டில் ஒன்பது கட்டம் போட்டார்.

“எல்லாரும் வெளிய வாங்க. பத்திரத்துல கீற நம்பரை நான் சொல்றேன். அவங்கவங்க கட்டத்துல போயி நில்லுங்க” என்றார்.

மேற்கு முனையில் ஒன்று என்று எழுதினார். கிழக்கே மெயின் ரோடு முனையில் ஒன்பது. நாங்கள் எல்லோரும் கிழக்கேதானே ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு இறங்கியது. அது போனதும் விளக்கினார். எண்பத்தெட்டில் மனை போட்டபோது மெயின் ரோடு கிடையாது. வழி மேற்கே, ஏரிப் பக்கம் இருந்தது. வரைபடத்தில் அங்கிருந்துதான் ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கிறார்கள். மனைகள் வெகுநாள் சும்மா கிடந்தன. பிறகு கிழக்கே ரோடு வந்தது. வீடு கட்ட வந்தவர்கள் ரோட்டுப் பக்கமிருந்து எண்ணியிருக்கிறார்கள்.

“ஒண்ணாம் நம்பர்காரரு இந்தக் கெழக்குக் கோடில மொதல்ல கட்டுனாரு. ரெண்டாம் நம்பர்காரரு அவரு செவுத்த ஒட்டி அளந்தாரு. மூணாவதா வாத்தியாரு வந்தாரு. அவரு கணக்கு வாத்தியாரு வேற! ஒர்த்தர் முதுகப் பாத்து ஒர்த்தர் நின்னுகினீங்க. ஒர்த்தர்கூட கடைசிப் பக்கத்தப் பாக்கல.”

தெரு மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் ரோட்டிலேயே கணக்குப் போட்டேன். பத்திலிருந்து பத்திர எண்ணைக் கழித்தால் நாம் நிற்கும் மனை. என் பத்திரம் மூன்று, நிற்பது ஏழு. கதிரேசன் பத்திரம் ஏழு, நிற்பது மூன்று. என் வீடு அவர் மனையில் இருக்கிறது, அவர் வீடு என் மனையில் இருக்கிறது!

ஆளாளுக்குக் கட்டத்தைத் தேடி நடந்தார்கள். கிழக்கே இருந்தவர்கள் மேற்கே போக, மேற்கே இருந்தவர்கள் கிழக்கே வர, குறுகலான தெருவில் முட்டி மோதி ஒரே கலாட்டா. தையல்நாயகி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றார். ஐந்தாம் நம்பர் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஐந்துதான். “நான் ஒர்த்திதான் இந்தத் தெருவுலயே கரீட்டா கீறேன், பாத்துக்கோங்க” என்றார். அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

நானும் கதிரேசனும் தையல்நாயகி வீட்டு வாசலில் எதிரெதிரே வந்து நின்றோம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா சார்,” என்றார், “இத்தினி நாளா என் எடத்துலயா குந்தினு கீற நீ?”

“நீங்க என் இடத்துல” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கிழக்கே என் வீட்டைப் பார்த்தார், மேற்கே தன் வீட்டைப் பார்த்தார். விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். எனக்குப் புரிந்தது. கணக்கு எனக்கு அப்போதுதான் முழுசாக வந்தது. மனைகள் எல்லாம் ஒரே அளவு, முப்பதுக்கு நாற்பது. ஆனால் விலை ஒன்றா? என் வீடு இருப்பது மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில், மேட்டில். அவர் வீடு ஏரிப் பக்கத்துப் பள்ளத்தில். 2015 வெள்ளத்தில் அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். காகிதப்படி அந்த நல்ல மனை அவருடையது. எனக்கு என்ன வந்தது, இடத்தைக் கொடு என்று அவர் கோர்ட்டுக்குப் போனால் நான் என்ன செய்வேன்? இந்த வயதில் யாருக்கு இருக்கிறது கோர்ட்டு ஏறி இறங்கத் தெம்பு?

“பரிவர்த்தனைப் பத்திரம் போட்டுக்கலாம் சார். மனைக்கு மனை மாத்திக்கிறது. ரெண்டு மனைலயும் வில்லங்கம் எதுவும் இல்ல, நான் பாத்துட்டேன். ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கணும்” என்றார் தபீதாள்.

“அவருக்கு ஏதாவது பணம் கொடுத்தா…”

“துட்டு நீட்டாதீங்க!” மேசையாக இருந்திருந்தால் தட்டியிருப்பார், தெருவாக இருந்ததால் காலைத் தட்டினார். “நீங்க நீட்டுனா அது வியாபாரம். அப்புறம் அவரு வெல சொல்லுவாரு, அவர சொல்லிக் குத்தமில்ல. நீங்க அந்தப் பக்கமே போவாதீங்க. கம்முனு இருங்க.”

கம்மென்று இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று கெசியாவைக் கேட்டால் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை ஜன்னல் திரையை விலக்கி மேற்கே பார்த்தேன். டெபோரா போன் செய்து “என்னப்பா ஆச்சு?” என்றால் “சிக்னல் இல்லம்மா” என்று வைத்துவிடுவேன்.

தபீதாள் கதிரேசனின் பட்டறைக்குப் போனாராம். கதிரேசனின் மனைவி பச்சையம்மா அப்புறம் கெசியாவிடம் சொன்னது இது. ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் பத்திரத்தை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

“நீ வாங்குனப்போ உனக்கு எந்த எடத்தக் காட்டுனாங்க? காலு வச்சு நின்னு, இதான் நம்ப எடம்னு பொண்டாட்டிக்குக் காட்டுனது எது?”

“இப்ப வூடு கீதே, அதான்.”

“அப்ப நீ வாங்குனது அது. தப்பு தாள்ல கீது, உங்கிட்ட இல்ல. யோசிச்சு சொல்லு.” எழுந்து வந்துவிட்டாராம். அவசரப்படுத்தவில்லை, கெஞ்சவில்லை, வேதவசனம்கூடச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு எங்கள் கேட்டைத் தட்டினார் கதிரேசன். நான் போய்த் திறந்தேன்.

“சார், உன் வூடு எனக்கு வாணாம்” என்றார். “இத்தாம் பெரிய ஜன்னலு வச்சு கட்டிகீற, ரோட்டுத் தூசு யாரு தொடைக்கிறது? எம் புள்ளைங்க பொறந்தது அந்த வூட்ல. வெள்ளம் வந்தப்ப நாங்க மொட்ட மாடில நின்னு அத்தக் காப்பாத்துனோம். அத்த வுட்டுட்டு வர முடியாது. கையெழுத்து போடறேன்.”

“உள்ள வாங்க” என்றேன்.

“இரு, முடிக்கல. அன்னிக்கு லாரி கிட்ட ஒரு வார்த்த சொன்னியே. அத்த வாபஸ் வாங்கணும்.”

“வாங்கிட்டேன். தப்புதான். சொல்லியிருக்கக் கூடாது.”

“தோ பார்றா! வாத்தியாரு தப்புன்னு சொல்லிட்டாரு” என்று திரும்பித் தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். தெருவில் நாயைத் தவிர யாரும் இல்லை. ஆனால் கெசியா உள்ளேயிருந்து காபியோடு வந்துவிட்டாள். அழுதுகொண்டே சர்க்கரை போட்டிருக்கிறாள் போல, வாயில் வைக்க முடியாத இனிப்பு. இருவரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதும் மற்ற மூன்று ஜோடிகளும் ஒத்துக்கொண்டன. பத்திரத்தைத் தபீதாளே எழுதினார். எல்லை வரிகளைத் தட்டியவர், ஒவ்வொன்றையும் அந்தந்த மனைக்கு முன்னால் வந்து நின்று படித்துப் பார்த்தார். ஒரு மனைக்கு நான்கு எல்லை, எட்டு வீட்டுக்கு முப்பத்திரண்டு. வெயிலில் முப்பத்திரண்டையும் படித்தார். அப்புறம்தான் பச்சை கிளிப்.

பதிவு நாளன்று எங்கள் டோக்கன் பன்னிரண்டு மணிக்கு வந்தது. கெசியா அன்று காலை என் தலையில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை அப்பி வாரிவிட்டிருந்தாள், போட்டோவில் முடி பறக்கக்கூடாதாம். என் போட்டோ எடுத்தார்கள். என் விரல்ரேகை எடுத்தார்கள். அடுத்தது கதிரேசன். கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. இருபத்தைந்து வருஷம் இரும்பைப் பிடித்துத் தேய்த்த விரல் அது, ரேகை என்று ஒன்று இருந்தால்தானே?

“இன்னும் ஒரு தடவைதான் பார்க்கலாம். எடுக்கலைன்னா வேற தேதி வாங்கிக்குங்க” என்றார் கணினி முன்னால் இருந்த பெண்.

வேறு தேதி! இந்த மனுஷன் மனசு மாறிவிட்டால்? நடுவில் யாராவது காதில் ஏதாவது ஓதிவிட்டால்? கதிரேசன் தன் கட்டைவிரலையே குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். “வெல்டிங்கு சார்…” என்றார் என்னிடம், ஏதோ என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல.

பின்வரிசையில் நின்றிருந்த தபீதாள் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தார். “விரல் காஞ்சு கீது. எண்ணெப் பச இருந்தா எடுக்கும்” என்றார். தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், காலையில் குளித்த தலை. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது.

“ஜெபராஜ் சார், தலையக் குனிங்க.”

எதற்கு என்று கேட்கக்கூட விடவில்லை. பிடரியில் கைவைத்து என்னைக் குனிய வைத்தார். இன்னொரு கையால் கதிரேசனின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, என் உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு விரலை அப்படியே கொண்டுபோய்க் கருவியில் வைத்து, அதன்மேல் தன் விரலையும் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குனிந்த தலையை நிமிர்த்தாமலே பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது.